வீட்டு லித்தியம் பேட்டரியில் செல் பேலன்சர் பொருத்துவது: குமரி மாவட்ட வீடுகளுக்கான செய்முறை

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது குமரி மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த இருட்டை மறக்காத வீடுகளில் இன்று சோலாரும் லித்தியம் பேட்டரியும் ஏறி வருகின்றன. 3.2 வோல்ட், 280 ஆம்பியர் ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்கள் பதினாறை வரிசையாகக் கோத்தால் 51.2 வோல்ட் பேங்க், அதாவது பேட்டரித் தொகுப்பு, ஆகிறது. 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கொள்ளும். கட்டி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடியபின், "பேட்டரி முழுசா ஏறதுக்கு முன்னாலயே கட் ஆகுது" என்று வரும் புகாருக்குப் பலரும் கையில் எடுக்கும் மருந்து, செல்களின் சார்ஜைச் சமப்படுத்தும் பேலன்சர் போர்டு.

மருந்து நல்லதுதான், ஆனால் எல்லா நோய்க்கும் அது மருந்தல்ல. போர்டை மாட்டுவது கடைசி அரைமணி நேர வேலை. அதற்கு முன் செய்யவேண்டிய சோதனை, சுத்தம், வயர் வேலை ஆகியவற்றில்தான் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் 16 செல் எல்எஃப்பி பேங்குக்கு. 8 செல், 4 செல் பேங்குக்கும் முறை இதுவேதான், மொத்த வோல்டேஜ் மட்டும் அந்தந்த விகிதத்தில் குறையும். பழைய மின்வண்டியிலிருந்து கழற்றிய 4.2 வோல்ட் வகை செல்களுக்கு இந்த எண்களைப் போடவே கூடாது. சுவரில் மாட்டும் சீல் வைத்த பேட்டரியையும் திறக்காதீர்கள், அதற்கு விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்து வந்தால் பேட்டரியைக் கட் செய்யும் போர்டு) ஆப்பைத் திறந்து 16 செல்களின் வோல்டேஜையும் ஒரு நோட்டில் மூன்று வேளை எழுதுங்கள்: சார்ஜ் ஏறி உச்சத்தை நெருங்கும்போது ஒருமுறை, 40, 50 ஆம்பியர் லோடு ஓடும்போது ஒருமுறை, சார்ஜும் லோடும் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓய்ந்தபின் ஒருமுறை. பேட்டரி காலியாகும் நேரத்தில் நான்காவது முறையும் எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு செல் சார்ஜ் முடிவில் மற்றவற்றை முந்திக்கொண்டு 3.60க்குப் போகிறது, மற்றவை 3.42லேயே நிற்கின்றன, காலியாகும்போது அதே செல் கடைசியாக இறங்குகிறது என்றால், அந்தச் செல்லில் மற்றவற்றைவிடக் கூடுதல் சார்ஜ் இருக்கிறது என்று பொருள். இதுதான் பேலன்சர் தீர்க்கும் நோய்.

முதலில் ஏறுவதும் முதலில் இறங்குவதும் ஒரே செல் என்றால் அதன் கொள்ளளவே குறைந்துவிட்டது. எந்தச் சிறு போர்டாலும் அதைப் பெரிதாக்க முடியாது. பேங்க் முழுவதும் அந்தச் செல்லின் அளவுக்குத்தான் ஓடும், இல்லையென்றால் செல்லை மாற்ற வேண்டும்.

நடு சார்ஜில் இருக்கும்போதே, லோடு போட்டவுடன் ஒரு செல் மட்டும் தாழ்கிறது, சார்ஜ் வந்தவுடன் அதே செல் உயர்கிறது, கரண்ட் நின்றதும் மற்றவற்றோடு சமமாகிறது என்றால் செல்லில் கோளாறில்லை, செல்களைக் கோக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரின் இணைப்பில்தான் கோளாறு. குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று படும் வீடுகளில் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். இணைப்பைச் சரிசெய்யாமல் பேலன்சரை மாட்டினால் போர்டு பொய்யான வோல்டேஜைப் பார்த்து நல்ல செல்லிலிருந்து சார்ஜை எடுத்துப் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கும். தளர்ந்த இணைப்பு சூடேறிக்கொண்டே போவது தனி ஆபத்து.

நான்காவது வகைதான் மிகவும் கவலைக்குரியது. பேட்டரி சும்மா இருக்கும்போதே ஒரு செல் நாளுக்கு நாள் தனியாக இறங்குகிறது என்றால் அதற்குள் கசிவு இருக்கிறது. பேலன்சர் மாட்டினால் மற்ற பதினைந்தும் அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும், நோட்டில் எல்லாம் சமமாகத் தெரியும், உள்ளே கோளாறு வளரும். அந்தச் செல்லைக் கழற்றி வெளியே வையுங்கள். வயிறு உப்பிய செல், 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல், முனையருகே ஈரமோ இனிப்பு கலந்த கரைப்பான் வாடையோ அடிக்கும் செல் ஆகியவற்றையும் அப்படியே ஒதுக்குங்கள்.

எந்தப் போர்டு

இரண்டு வகை உண்டு. உயர்ந்த செல்லின் சார்ஜை ரெசிஸ்டர் வழியாகச் சூடாக எரித்துவிடுவது பாஸிவ். உயர்ந்த செல்லிலிருந்து எடுத்துத் தாழ்ந்த செல்லுக்குக் கொடுப்பது ஆக்டிவ்.

சாதாரண பிஎம்எஸ்ஸுக்குள் இருக்கும் பாஸிவ் பேலன்சர் 100 மில்லி ஆம்பியர் அளவில் வேலை செய்யும். 280 ஆம்பியர் ஹவர் செல்லில் ஒரு சதவீத வித்தியாசம் என்பது 2.8 ஆம்பியர் ஹவர். 100 மில்லி ஆம்பியரில் அதைச் சரிசெய்ய 28 மணி நேரம் வேண்டும். எல்எஃப்பி செல் 3.40 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போதுதான் பேலன்ஸ் செய்வதில் பொருள் உண்டு. சோலார் வீட்டில் அந்த நிலை நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று வைத்தால் ஒரு சதவீதத்துக்கே 28 நாள் ஆகும். 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் அதையே மூன்று நாளில் முடித்துவிடும். பெரிய செல்களுக்கு ஆக்டிவ் வேண்டும் என்பது இந்தக் கணக்கால்தான்.

ஏன் 3.40க்கு மேல் மட்டும்? எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதி முழுவதும் ஏறத்தாழ மட்டமாகவே ஓடும். 40 சதவீதத்தில் இருக்கும் செல்லுக்கும் 60 சதவீதத்தில் இருக்கும் செல்லுக்கும் சில மில்லிவோல்ட்தான் வித்தியாசம். அங்கே வோல்டேஜைச் சமமாக்குவதால் சார்ஜ் சமமாவதில்லை, சமமாக இருந்த செல்களும் கலையக்கூடும். உச்சத்தில் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும் இடத்தில்தான் எந்தச் செல் முன்னால் நிற்கிறது என்பது தெரியும்.

இந்த இடத்தில்தான் விலை மலிவான கெப்பாசிட்டர் வகை ஆக்டிவ் போர்டுகள் பலரை ஏமாற்றுகின்றன. அவற்றில் தொடக்க வோல்டேஜ் அமைப்பு கிடையாது, இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே "5 ஆம்பியர்" என்று எழுதியிருந்தாலும் அது இரு செல்களுக்கிடையே 1 வோல்ட் வித்தியாசம் இருக்கும்போது வரும் கரண்ட். 50 மில்லிவோல்ட் வித்தியாசத்தில் கால் ஆம்பியர் அளவுதான் நகரும். இந்த வகைதான் கையில் இருக்கிறதென்றால், 'ரன்' என்ற இரு புள்ளிகள் உள்ள போர்டாகப் பார்த்து அதில் ஒரு சுவிட்ச் போடுங்கள். உச்ச சார்ஜ் நேரத்தில் மட்டும் ஆன் செய்து, முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் தொடக்க வோல்டேஜை அமைக்கக்கூடிய போர்டையோ, 1 முதல் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் உள்ளேயே அடங்கிய பிஎம்எஸ்ஸையோ வாங்குவதே நல்லது. பிஎம்எஸ்ஸுக்குள் ஏற்கெனவே ஆக்டிவ் இருந்தால் வெளியே இன்னொன்று வேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது: பேலன்சர் போர்டு எதையும் கட் செய்யாது. அதிக வோல்டேஜ், குறைந்த வோல்டேஜ், ஷார்ட் ஆகியவற்றிலிருந்து காப்பது பிஎம்எஸ்ஸும் மெயின் பியூஸும்தான். பிஎம்எஸ் இல்லாத பேங்கில் வெறும் பேலன்சரை மட்டும் மாட்டி ஓட்டாதீர்கள்.

(12 வோல்ட் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரிகளை இரண்டோ நான்கோ வரிசையாகப் போட்டிருக்கும் பழைய இன்வெர்ட்டர் வீடுகளுக்கு வேண்டியது 12 வோல்ட் பேட்டரி ஈக்குவலைசர். லித்தியம் செல் போர்டை அதில் மாட்டக்கூடாது. டியூபுலரையும் லித்தியத்தையும் ஒரே பேங்கில் கலப்பதும் கூடாது.)

கையில் இருக்க வேண்டியவை

16 செல்லுக்குப் பேலன்ஸ் வயர்கள் 17. கீழ் நெகட்டிவுக்கு ஒன்று, ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவுக்கும் ஒன்று. 2 ஆம்பியர் வரையுள்ள போர்டுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர், 5 ஆம்பியர் போர்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். எட்டெட்டாக இரண்டு வரிசை வைத்து நடுவில் போர்டை மாட்டினால் 15 மீட்டர் தாராளமாகப் போதும். எம்6 துளையுள்ள, வெள்ளீயம் பூசிய ரிங் லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் வளையம்) 17, கூடவே நாலைந்து உபரி. ஒவ்வொரு வயருக்கும் இன்லைன் பியூஸ் ஒன்று: 2 ஆம்பியர் போர்டுக்கு 3 ஆம்பியர், 5 ஆம்பியர் போர்டுக்கு 7.5 ஆம்பியர். பேங்கின் முழு வோல்டேஜைத் தாங்கும் டிசி ரேட்டிங் அந்தப் பியூஸில் பொறித்திருக்க வேண்டும். காரில் போடும் சாதாரண பிளேடு பியூஸ் 32 வோல்ட்டுக்கானது. முதல் வயரும் கடைசி வயரும் தொட்டுக்கொண்டால் அங்கே நிற்பது 50 வோல்ட்டுக்கு மேல்.

மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர் வேண்டும். 3.3 என்று நிறுத்திக்கொள்ளும் மீட்டர் போதாது, 3.312 என்று காட்ட வேண்டும். 2 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை வைக்கக்கூடிய சிறு டார்க் ரெஞ்ச், நல்ல கிரிம்பிங் டூல், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், எண் ஸ்டிக்கர், 1000 நம்பருக்கு மேல் மென்மையான உப்புத்தாள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அலுமினிய இணைப்புக்கான ஆக்சைடு தடுப்புப் பசை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை. ஸ்பேனர்களின் பிடி முழுவதும் ஹீட் ஷ்ரிங்க் அல்லது இன்சுலேஷன் டேப் சுற்றி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள்.

மெயின் பாசிட்டிவில் கிளாஸ் டி (Class T) பியூஸோ அதற்கு நிகரான, பெரிய ஷார்ட் கரண்டையும் அறுக்கும் டிசி எச்ஆர்சி பியூஸோ இல்லையென்றால் பேலன்சரை ஒத்திப்போட்டு முதலில் அதை வாங்குங்கள். 280 ஆம்பியர் ஹவர் செல்லின் உள் தடை கால் மில்லி ஓம் அளவுதான். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரண எம்சிபி பிரேக்கரின் வாய் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இடம்

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் வற்றுவதே இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தரைமட்டத்தில் பேட்டரி வைக்கலாகாது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம், தாழ்வான இடமென்றால் இன்னும் மேலே. மாடியில் ஷீட் போட்ட அறையும் வேண்டாம். பகல் சூட்டில் செல்லின் ஆயுள் கரையும். கீழ்த்தளத்தில் வெயில் படாத சுவரோரம், காற்றோட்டமுள்ள இடம் சரி. படுக்கையறையும் மாடிப்படிக்கு அடியில் உள்ள இடமும் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் பாலைக் கெடாமல் வைக்க ஊற்றும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் ஆவியும் அப்படித்தான். பால் வைக்கும், ஷீட் அடிக்கும் புரையிலேயே பேட்டரியையும் வைத்தால் லக்குகள் பச்சை பூத்துவிடும்.

போர்டைச் செல்களின் தலைமேல் வைக்காதீர்கள். செல்லின் நடுவில் இருக்கும் வால்வு திறந்தால் வாயு நேராக அதன்மேல் பாயும். சிமென்ட் ஃபைபர் பலகையில், 10 மில்லிமீட்டர் நைலான் ஸ்பேசர் வைத்து, நிமிர்ந்த நிலையில், சுற்றிலும் 5 சென்டிமீட்டர் காற்று விட்டு மாட்டுங்கள். கடற்கரை வீடென்றால் கனெக்டர் வாய்களை டேப்பால் மூடிவிட்டு போர்டின் இரு பக்கமும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு) ஸ்பிரே அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பல்லி, எலி, எறும்பு மூன்றும் வரும். பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்தால் போதும். முனைகளுக்குத் துளையிட்ட பாலிகார்பனேட் மூடி போட்டே ஆகவேண்டும்.

அணைக்கும் வரிசை

மோதிரம், வாட்ச், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தாலிச்சங்கிலி கழற்றாதவர்கள் அதை உடுப்புக்குள் விட்டு மேலே பொத்தான் போட்ட சட்டை போடட்டும், பேங்கின்மேல் குனியும் வேலையை இன்னொருவர் செய்யட்டும். கை வியர்வையில் நனைந்திருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். 55 வோல்ட் உலர்ந்த கைக்குப் பெரிதில்லை, ஈரக்கைக்கு அப்படியல்ல.

முதலில் வீட்டு லோடுகள், அடுத்து சோலார் பேனலின் டிசி ஐசொலேட்டர், பிறகு இன்வெர்ட்டருக்கு வரும் ஏசி, பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் பேட்டரி பிரேக்கர். பேனல் இணைப்பு இருக்கும்போதே பேட்டரியைக் கழற்றினால் எம்பிபிடி (சோலார் சார்ஜ்) போர்டு போய்விடக்கூடும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அடங்க ஐந்து நிமிடம் விட்டு, அதன் டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஏசி பக்கம் எதையாவது கழற்ற வேண்டியிருந்தால் உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும்.

தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஒருவர் செய்ய, ஒருவர் பக்கத்தில் நின்று நோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும்.

இணைப்புகளைச் சுத்தம் செய்தல்

பஸ்பார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துபோடாதீர்கள். திறந்திருக்கும் முனைகளை உலர்ந்த துணியால் அல்ல, ரப்பர் ஷீட்டாலோ பிளாஸ்டிக் மூடியாலோ மூடுங்கள். செல் முனை அலுமினியம். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படரும், உப்புக்காற்றில் அது இன்னும் மோசம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உடனே பசையை மெல்லிய படலமாகப் பூசி பஸ்பாரை வையுங்கள். தேய்த்த தூள் செல்மேல் விழாமல் வால்வை டேப்பால் மூடிக்கொண்டு, வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

அடுக்கும் வரிசை இது: செல் முனை, அதன்மேல் பஸ்பார், அதன்மேல் பேலன்ஸ் வயரின் ரிங் லக், வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். ரிங் லக் ஒருபோதும் செல்லுக்கும் பஸ்பாருக்கும் நடுவில் போகக்கூடாது. போனால் 100 ஆம்பியரும் அந்த மெல்லிய லக் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், அது பழுத்துவிடும். இறுக்கும் அளவு செல்லின் விவரத்தாளில் இருக்கும், எம்6 முனைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். கை வேகத்தில் இறுக்கினால் அலுமினியத் திரெட் உரிந்துவிடும், அந்தச் செல்லை மீட்பது கடினம்.

எல்லாம் இறுக்கியபின் 50 ஆம்பியர் லோடு போட்டு ஒவ்வொரு இணைப்பிலும் மில்லிவோல்ட் பாருங்கள்: ஒரு செல்லின் முனையில் ஒரு புரோப், பஸ்பாரின் மறுமுனையில் உள்ள அடுத்த செல்லின் முனையில் இன்னொன்று. எல்லாம் ஐந்தாறு மில்லிவோல்ட் காட்டும்போது ஒன்று மட்டும் 12 காட்டினால் அதைத் திறந்து மறுபடி சுத்தம் செய்யுங்கள். பலருக்கு நோய் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

உச்சத்தில் ஒருமுறை சமப்படுத்துதல்

வித்தியாசம் பெரிதாக இருந்தால் போர்டின் தலையில் முழுச் சுமையையும் போடாமல் முதலில் கையால் சமப்படுத்துங்கள். பேங்கை வழக்கம்போலச் சார்ஜ் செய்து, ஏதாவது ஒரு செல் பிஎம்எஸ்ஸைக் கட் செய்யும்வரை கொண்டுபோங்கள். பிறகு செல்களைப் பிரித்து, எல்லா பாசிட்டிவும் ஒரே பக்கம் வரும்படி திருப்பி, பாரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைத்து, டிசி பவர் சப்ளையால் 3.60 வோல்ட் வரை ஏற்றுங்கள். வரிசையில் சார்ஜ் செய்யாமல் நேராகப் பாரலலில் ஏற்றத் தொடங்கினால் என்னவாகும் என்று கணக்குப் பாருங்கள்: பாதி காலியான 16 செல்லுக்கு 2,240 ஆம்பியர் ஹவர் வேண்டும், 10 ஆம்பியர் சப்ளையில் ஒன்பது நாளுக்கு மேல். பொறுமை இழந்து வோல்டேஜைக் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கப்போவதில்தான் செல்கள் உப்புகின்றன.

சப்ளையின் வோல்டேஜை எதிலும் இணைக்காமல் 3.60க்கு வைத்து, மல்டிமீட்டரால் சரிபார்த்து, பிறகே இணையுங்கள். பாரலல் பஸ்பாரை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும், அது சேர்க்கப்போகும் இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டர் வையுங்கள். இணைக்கும் முதல் பக்கம் எதுவும் காட்டாது. இரண்டாவது பக்கத்தில் சுழியத்தை ஒட்டி, 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 6.6 காட்டினால் ஒரு செல் தலைகீழாக இருக்கிறது, பஸ்பாரை வைத்தால் அது ஷார்ட். கரண்ட் ஏறத்தாழ சுழியத்துக்கு இறங்கியதும் நிறுத்துங்கள்.

வயர்கள், அவற்றின் வரிசை

வயர் ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் எண் ஒட்டுங்கள்: முதல் செல்லின் நெகட்டிவ் பி0, முதல் செல்லின் பாசிட்டிவ் பி1, அப்படியே பி16 வரை. எண் ஒட்டாமல் நிறத்தை நம்பாதீர்கள், பல போர்டுகளோடு வரும் வயர்களில் முதலும் கடைசியும் தவிர மற்றதெல்லாம் ஒரே நிறம். பியூஸை போர்டுப் பக்கம் வைக்காமல் செல் பக்கம், லக்கிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். வயர் நடுவில் எங்கே நசுங்கினாலும் பியூஸ் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். பஸ்பாரின் கூர் ஓரங்களில் வயர் உரசாமல் ஸ்லீவ் போடுங்கள்.

பிஎம்எஸ் செல் வோல்டேஜைப் படிக்கும் சென்ஸ் வயரிலேயே பேலன்சரையும் ஒட்டுப்போடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 36 மில்லி ஓம் தடை. போக 60 சென்டிமீட்டர், வர 60 சென்டிமீட்டர் என்றால் 2 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 86 மில்லிவோல்ட் வயரிலேயே விழும். 3.60ல் இருக்கும் செல்லைப் பிஎம்எஸ் 3.51 என்று படிக்கும், கட் செய்ய வேண்டிய நேரத்தில் கட் செய்யாது. தனிப் போர்டுக்குத் தனி வயர், தனி லக்.

இப்போது மிக முக்கியமான இடம். போர்டிலிருந்து கனெக்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, பி0 முதல் வரிசையாக வயர்களைச் செல்களில் இணையுங்கள். பியூஸ்களையும் பி0விலிருந்தே போடுங்கள். பிறகு மீட்டரின் கருப்பு புரோப்பைக் கனெக்டரின் பி0வில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு குழியாக நகர்த்துங்கள். 3.3 வோல்ட் செல்களென்றால் 3.3, 6.6, 9.9, 13.2 என்று ஏறி, பி8ல் 26.4, பி16ல் 52.8 காட்ட வேண்டும். அடுத்து பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு நடுவே பாருங்கள், பதினாறு முறையும் சுமார் 3.3, பதினாறு முறையும் கூட்டல் குறியோடு. மீட்டர் புரோப் நுனி தடிமனாக இருந்தால் இரண்டு குழியைத் தொட்டுவிடும், ஊசி நுனி புரோப் பயன்படுத்துங்கள்.

பி3ம் பி4ம் மட்டும் மாறிப்போனதாக வையுங்கள். மூன்றாவது சேனலுக்கு (போர்டில் மூன்றாம் செல்லுக்கான பகுதி) 6.6, நான்காவதுக்குத் தலைகீழாக 3.3, ஐந்தாவதுக்கு 6.6 வோல்ட் போகும். செருகிய நொடியில் மாஸ்ஃபெட் (போர்டில் சுவிட்சாக வேலை செய்யும் சில்லு) புகையும். போர்டு போவதோடு நின்றால் நல்லது. உருகிய மாஸ்ஃபெட் ஷார்ட்டாகவே நின்றுவிட்டால் அந்த வயர் கனலாகும். வயருக்கு வயர் பியூஸ் போடச் சொல்வது இதற்காகத்தான்.

எண்கள் எல்லாம் சரியென்றால் மட்டும் கனெக்டரைச் செருகுங்கள். இரண்டு கனெக்டர் இருந்தால் பி0 உள்ளது முதலில். போர்டின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடு சொல்வதே சரி. கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. செல் பக்கம் ஏதாவது நட்டைத் தளர்த்த வேண்டுமென்றால், அது ஒரே ஒரு நட்டாக இருந்தாலும், முதலில் கனெக்டரை உருவிவிடுங்கள். போர்டு மாட்டியிருக்கும்போது நடுவில் ஒரு பஸ்பாரைத் திறந்தால் முழு வோல்டேஜும் இரண்டு சேனல்களின்மேல் ஏறக்கூடும்.

திரும்ப ஆன் செய்தல், அமைப்புகள்

இன்வெர்ட்டரின் காலி கெப்பாசிட்டரில் பேட்டரியை நேராக இணைத்தால் பெரிய பொறி பறக்கும், பிரேக்கர் வாய் கருகும், பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்துக் கட் செய்யும். கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்பும் பிரீசார்ஜ் வசதி இல்லையென்றால் பழைய 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் போட்டு, அதன் இரு வயரையும் பிரேக்கரின் இரு பக்கமும் பாலமாக ஐந்து விநாடி வைத்து, உடனே பிரேக்கரைப் போடுங்கள். அடுத்து இன்வெர்ட்டர், ஏசி, கடைசியில் சோலார்.

பேலன்ஸ் தொடக்கம் 3.40 முதல் 3.42 வோல்ட். வித்தியாச வரம்பு 10 மில்லிவோல்ட், அதற்குக் கீழே துரத்துவதில் பயனில்லை. பிஎம்எஸ்ஸில் செல் உச்சக் கட் 3.65, கீழ்க் கட் 2.7. இன்வெர்ட்டரில் சார்ஜ் வோல்டேஜ் 56.0, அதாவது செல்லுக்கு 3.50. சார்ஜ் முடிந்தபின் பிடித்து வைக்கும் ஃப்ளோட் வோல்டேஜ் 53.6. உச்சத்தில் ஒரு மணி நேரம் நிற்கும்படி வையுங்கள், பேலன்சர் வேலை செய்யக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். பழைய டியூபுலர் அமைப்பிலேயே இன்வெர்ட்டரை விட்டுவிடாதீர்கள். ஈக்குவலைஸ் (அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் அமைப்பு) கட்டாயம் ஆஃப். டியூபுலருக்கான ஈக்குவலைஸ் பேங்கை 60 வோல்ட்டுக்கு மேலும் தள்ளக்கூடும், லித்தியம் பேங்குக்கு 58.4தான் கடைசி எல்லை.

முதல் சார்ஜை 20 ஆம்பியருக்குள் வைத்து, முடியும்வரை பக்கத்தில் இருங்கள். போர்டு வெதுவெதுப்பாவது இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. ஒரு பியூஸ் ஹோல்டர் மட்டும் சூடானால் அதன் கிரிம்ப் சரியில்லை. மறுநாள் உச்சத்தில் வித்தியாசம் முந்தைய நாளைவிடக் குறைந்திருக்க வேண்டும். ஒரு வாரமாகியும் அதே செல் அதே அளவு விலகி நின்றால் அந்தச் சேனலின் பியூஸையும் லக்கையும் பாருங்கள், அதன்பிறகு செல்லைப் பாருங்கள்.

மழைக்காலமும் பூட்டிய வீடும்

ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் நாட்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டாது. உச்சத்தைத் தொடாத நாளில் பேலன்சர் சும்மா இருக்கும், செல்கள் மெல்ல விலகும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து இன்வெர்ட்டர் வழியாக 56 வோல்ட் வரை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள்.

மாட்டிய ஒரு மாதம் கழித்து, எல்லாவற்றையும் அணைத்து, கனெக்டரை உருவிவிட்டு ஒருமுறை இறுக்கம் பாருங்கள். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து லக்குகளில் வெள்ளைப் பொடியோ பச்சையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் புழுதி படியும் வீடுகளில் அதே நேரம் உலர்ந்த பிரஷால் போர்டைத் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

கதவருகே 4 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றை மாட்டுங்கள். அது வயரிலோ பலகையிலோ பிடிக்கும் சிறு தீக்கு. செல்லே புகைவிடத் தொடங்கினால் மூடியைத் திறக்கவோ கழற்றவோ போகாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, ஆட்களோடு வெளியே வந்து 101ஐக் கூப்பிடுங்கள். அந்தப் புகை தீப்பற்றக்கூடியது, நச்சும் கலந்தது.

வளைகுடாவில் வேலையாக இருந்து வருடத்தில் ஒரு மாதம் மட்டும் திறக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் போர்டு மாதத்துக்கு 14 ஆம்பியர் ஹவருக்கு மேல் தின்னும், சோலாரையும் அணைத்துவிட்டுப் போன வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் பேங்கை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். வீட்டைப் பூட்டும் முன் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டு, பேலன்சர் கனெக்டரை உருவி, மெயின் பிரேக்கரை அணைத்து, உருவிய கனெக்டரின் வாயில் டேப் ஒட்டிவையுங்கள். பி0, பி16 என்று எண் போட்ட தாள் ஒன்றைப் பேட்டரிப் பெட்டியின் உள்கதவில் ஒட்டிவைத்தால், திரும்பி வந்து திறப்பவர் யாராக இருந்தாலும் வரிசை தவறாது.